எச்சரிக்கையின் வகையும் பொருளும்: தேனி மாவட்ட அணைச் செய்திகளை முன்வைத்து வகையுறு வெளியீடு–சந்தா முறை குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருளின் ஒரு பகுதியில் நிகழ்வதை அதன் பிற பகுதிகளுக்கு அறிவிக்கும் முறைகளுள் வெளியீடு–சந்தா முறை பரவலாகக் கையாளப்படுவதாகும். அம்முறையில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் உறுதியான வகையை வரையறுத்தல் வேண்டுமா, பெயரளவிலான எழுத்துச் சரமே போதுமா என்னும் வினா நிரலாளரிடையே நீண்ட காலமாக உள்ளது. வைகை அணையின் மூன்று கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை, முல்லைப்பெரியாற்று அணையின் நீர் திறப்பு அறிவிப்பு ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. அனுப்புநரும் பெறுநரும் ஒருவரையொருவர் அறியாத சூழலில் செய்தியின் பொருளைக் காப்பது அதன் வகையே என்பதும், அவ்வகை வினையின் காலத்தையும் அளவையின் அடிப்படையையும் உள்ளடக்காவிடில் பயன் தராது என்பதும், வகை வரையறை செய்தி சென்று சேர்வதற்கு உறுதியளிப்பதில்லை என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: நிகழ்வு, வகை, வெளியீடு–சந்தா முறை, வைகை அணை, முல்லைப்பெரியாறு, பொது எச்சரிக்கை நெறிமுறை, வினைமுற்று.

முன்னுரை

தேக்கடியிலிருந்து சுரங்கவழியாகத் தமிழ்நாட்டு எல்லைக்குள் வரும் பெரியாற்று நீர், லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியே பாய்ந்து வைகையில் கலந்து வைகை அணையை அடைகிறது. பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்டு 1895இல் நிறைவுற்ற முல்லைப்பெரியாற்று அணையும், 1959இல் ஆண்டிபட்டிக்கு அருகே பயன்பாட்டுக்கு வந்த வைகை அணையும் ஒரே நீர்வழியின் இரு முனைகளாக அமைந்துள்ளன. மழைக்காலத்தில் இவ்விரு அணைகளின் நீர்மட்டமும் தேனி மாவட்டத்தின் அன்றாடச் செய்தியாகும்.

வைகை அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதற்கட்ட எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் கட்ட எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் கட்ட எச்சரிக்கையும் விடுக்கப்படுகின்றன. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்கு இவ்வெச்சரிக்கை உரியது. இதனை விடுக்கும் பொறியாளர் அதனைக் கேட்கப்போகும் ஒவ்வொருவரையும் அறியார். கேட்பவரும் விடுத்தவரை அறிய வேண்டிய தேவையில்லை. எனினும் ‘மூன்றாம் கட்டம்’ என்னும் தொடர் இருசாராருக்கும் ஒரே பொருளைத் தருகிறது.

இவ்வமைப்பு மென்பொருள் வடிவமைப்பில் வெளியீடு–சந்தா முறை எனப்படுவதோடு நெருங்கிய ஒப்புமை உடையது. அணை எச்சரிக்கை எக்கருவியால் அனுப்பப்படுகிறது என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அச்செய்தி எவ்வாறு அமைந்துள்ளது, அதனை நிரலாக்கும்போது எவற்றைக் காக்க வேண்டும் என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

வெளியீடு–சந்தா முறையும் அதன் பிரிவுகளும்

இம்முறையில் மூன்று பங்காளர் உளர். நிகழ்வை அறிவிப்பவர் வெளியீட்டாளர். குறிப்பிட்ட நிகழ்வுகள் தமக்கு வேண்டும் எனப் பதிந்துகொள்பவர் சந்தாதாரர். இருவருக்கும் இடையே நின்று செய்தியைக் கொண்டுசேர்ப்பது தரகு நிரல். போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தில் விளைவிப்பவரும் வாங்குபவரும் நேரில் சந்திக்காமலேயே ஏலத்தின்வழி வணிகம் நடைபெறுவது போன்றது இது.

யூக்ஸ்டர், ஃபெல்பர், கெராவி, கெர்மரெக் ஆகியோர் 2003இல் வெளியிட்ட மதிப்பாய்வுக் கட்டுரை இம்முறையின் இயல்பை மூன்று விடுபடுதல்களாக விளக்குகிறது. பங்காளர் ஒருவரையொருவர் அறிய வேண்டியதில்லை என்பது இடத்திலிருந்து விடுபடுதல். இருவரும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டியதில்லை என்பது காலத்திலிருந்து விடுபடுதல். ஒருவருக்காக மற்றவர் காத்து நிற்க வேண்டியதில்லை என்பது ஒத்தியக்கத்திலிருந்து விடுபடுதல். அக்கட்டுரை இம்முறையைத் தலைப்புவழி, உள்ளடக்கவழி, வகைவழி என மூவகையாகவும் பிரிக்கிறது.

தலைப்புவழி முறையில் நிகழ்வுக்கு ஒரு பெயர் உண்டு. அப்பெயர் எழுத்துச் சரமாகும். ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகியோர் 1999இல் எண்ணெய்க் குழாய்வழிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க உருவாக்கிய எம்க்யூடிடி நெறிமுறை இதற்குத் தக்க சான்று. அந்நெறிமுறையில் தலைப்பு ஒரு சரம். உள்ளடக்கம் வெறும் பைட்டுகளின் வரிசை. அவ்வரிசை எதனைக் குறிக்கிறது என்பதைத் தரகு நிரல் அறியாது. சிறிய உணரிகளுக்கும் குறைந்த அலைவரிசைக்கும் இவ்வெளிமை பெரும் பயன் தந்தது என்பதில் ஐயமில்லை.

வகைவழி முறையில் நிகழ்வு என்பது வரையறுக்கப்பட்ட தரவினமாகும். அதன் புலங்கள் எவை, ஒவ்வொரு புலமும் எவ்வகை மதிப்பை ஏற்கும், எது கட்டாயம், எது விருப்பம் என்பன முன்னரே அறுதியிடப்படுகின்றன. வரையறைக்கு மாறான நிகழ்வை வெளியிட முயலும் நிரலும், இல்லாத புலத்தைப் படிக்க முயலும் நிரலும் இயங்கத் தொடங்குமுன்பே நிரல்பெயர்ப்பியால் தடுக்கப்படும்.

எழுத்துச் சரமும் தமிழ்ப் பெயர்களும்

தலைப்பைச் சரமாகக் கொள்வதன் குறை, பிழை வெளிப்படையாகத் தெரியாமையே. தலைப்பில் ஓர் எழுத்து மாறினால் தரகு நிரல் பிழை என்று சொல்வதில்லை. அதனைப் புதியதொரு தலைப்பாக ஏற்றுக்கொள்கிறது. வெளியீட்டாளர் அனுப்பிவிட்டதாகக் கருதுவார்; சந்தாதாரர் ஏதும் நிகழவில்லை எனக் கருதுவார். எச்சரிக்கைச் செய்தியில் இம்மௌனம் பிழைச்செய்தியைவிடக் கேடு தரும்.

தமிழில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. ‘வைகை அணை’ எனப் பிரித்தெழுதுவதும் ‘வைகையணை’ எனப் புணர்த்தி எழுதுவதும் இலக்கணப்படி சரியே. ‘முல்லைப்பெரியாறு’, ‘முல்லை பெரியாறு’, ‘பெரியாறு அணை’ என்னும் மூன்றும் வழக்கில் உள்ளன. படிப்பவருக்கு இவை ஒரே அணை. சரங்களை ஒப்பிடும் நிரலுக்கோ வெவ்வேறு தலைப்புகள்.

கண்ணுக்கே புலப்படாத வேறுபாடும் உண்டு. போடிநாயக்கனூர்ப் பகுதியில் ஓடும் கொட்டக்குடி ஆற்றின் பெயரில் முதலெழுத்தாகிய ‘கொ’வை ஒருங்குறியில் இருவகையாகக் குறிக்கலாம். ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒருங்குறித் தரம் இவற்றைச் சமமானவை என்றே கொள்கிறது. ஆயினும் சீராக்கம் செய்யாமல் ஒப்பிடும் நிரல் இவற்றை வேறு எனக் கொள்ளும். ஒரு விசைப்பலகையில் தட்டச்சிட்ட தலைப்புக்கு வேறொரு விசைப்பலகையில் தட்டச்சிட்டவர் சந்தா செலுத்தினால் செய்தி சேராமற்போகலாம்.

வகைவழி முறை இவ்விடத்தில் தெளிவான தீர்வைத் தருகிறது. அணையின் பெயரை எழுதுவதற்கு மாறாக, முன்னரே வரையறுத்த அணைகளின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என வகை கட்டாயப்படுத்துகிறது. பட்டியலில் இல்லாததைத் தேர முடியாது. மனிதர் படிக்கும் பெயர் திரைக்கு மட்டும் உரியதாகிறது. நிரல்கள் ஒப்பிடுவது மாறாத அடையாளத்தையே.

எண்ணும் அதன் அடிப்படையும்

தேனி மாவட்டத்து மஞ்சளாறு அணையின் முழு உயரம் 57 அடி. வைகை அணையில் 57 அடி என்பது முதற்கட்ட எச்சரிக்கைக்கும் பல அடி கீழான மட்டம். ஆகவே ‘57’ என்னும் எண் ஓர் அணையில் நிரம்பிய நிலையையும், மற்றோர் அணையில் கவலைக்கு இடமில்லாத நிலையையும் குறிக்கிறது. எண் மட்டும் செல்லும் செய்தியில் இவ்வேறுபாட்டுக்கு இடமில்லை.

அளவலகைச் சேர்த்தாலும் சிக்கல் முழுதும் தீர்வதில்லை. முல்லைப்பெரியாற்றில் 2014 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஏற்ற 142 அடி என்பது அணையின் அடிமட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. அதே பெரியாற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள இடுக்கி அணையின் முழு நீர்மட்டமாகிய 2,403 அடி கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. இரண்டிற்கும் அலகு அடியே. அளக்கத் தொடங்கும் இடம் வேறு. ஒரே ஆற்றின் இரு அணைகளின் அளவுகளை ஒரே நிரல் கையாளும்போது, ‘நீர்மட்டம்’ என்னும் புலத்தைப் பொதுவான பதின்ம எண்ணாக மட்டும் வரையறுத்தால் நிரல்பெயர்ப்பி எப்பிழையையும் காட்டாது. பொருள் மட்டும் பிழைபடும்.

இதிலிருந்து பெறப்படும் திறனாய்வுக் கருத்து ஒன்று உண்டு. ‘வகையிட்டுவிட்டோம்’ என்று நிறைவுறும் நிரல்களிற் பல, சரத்தை எண்ணாக மாற்றியதோடு நின்றுவிடுகின்றன. எண் என்பது கணினியின் வகை. ‘அடிமட்டத்திலிருந்து அளந்த உயரம்’ என்பதே துறையின் வகை. முன்னதை மட்டும் வரையறுத்த நிரலில் வகையின் தோற்றம் உண்டு, காப்பு இல்லை.

வினைமுற்றின் காலம்: நிகழ்வு, அறிவிப்பு, ஏவல்

நிகழ்வுக்குப் பெயரிடும்போது இறந்தகால வடிவம் பயன்படுத்த வேண்டும் என்பது மென்பொருள் வடிவமைப்பில் வழங்கும் நெறி. நிகழ்வு நடந்து முடிந்தது. அதனை யாரும் மறுக்க இயலாது. கட்டளை இன்னும் நடவாதது. பெறுபவர் அதனை நிறைவேற்றலாம், மறுக்கலாம். தமிழிலக்கணம் இவ்வேறுபாட்டைத் தெரிநிலை வினைமுற்று, ஏவல் வினைமுற்று எனத் தெளிவாகவே பிரித்துள்ளது. எனவே தமிழ் வழி நிரல் கற்பிக்கும் ஆசிரியருக்கு இது புதிதாகப் புகுத்த வேண்டிய கருத்தன்று. மாணவர் பள்ளியிலேயே அறிந்த ஒன்று.

அணைச் செய்திகளை இவ்விலக்கணத்தால் பகுத்தால் நான்கு வகைகள் கிடைக்கின்றன. ‘நீர்மட்டம் 69 அடியை எட்டியது’ என்பது அளவை சார்ந்த நிகழ்வு. ‘மூன்றாம் கட்ட எச்சரிக்கை விடுக்கப்பட்டது’ என்பது அதிகாரம் பெற்ற ஒருவர் செய்த செயலாகிய நிகழ்வு. ‘மதகு திறக்கப்படும்’ என்பது எதிர்கால அறிவிப்பு. ‘ஆற்றில் இறங்காதீர்’ என்பது ஏவல். நாளிதழ்ச் செய்தி இந்நான்கையும் ஒரே பத்தியில் தருகிறது. மனிதர் அதனைப் பிரித்துணர்வர். நிரலில் இந்நான்கையும் ‘எச்சரிக்கை’ என்னும் ஒரே வகையில் அடக்குவது பெரும்பிழையாகும்.

இப்பகுப்பு வெறும் இலக்கண நயம் அன்று. 2021 டிசம்பரில், போதிய முன்னறிவிப்பின்றி இரவு நேரத்தில் முல்லைப்பெரியாற்று அணையின் மதகுகள் திறக்கப்பட்டதாகக் கூறிக் கேரள அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. இரு மாநிலங்களின் நிலைப்பாடுகளில் எது சரி என்பதை இக்கட்டுரை ஆராயவில்லை. அவ்வழக்கு எழுப்பும் கருத்துவேறுபாடு மட்டும் இங்கு இன்றியமையாதது. ‘திறக்கப்படும்’ என்னும் செய்திக்கும் ‘திறக்கப்பட்டது’ என்னும் செய்திக்கும் இடைப்பட்ட காலமே வண்டிப்பெரியாறு போன்ற ஆற்றோர ஊர்களில் உள்ளோர் வெளியேறுவதற்குக் கிடைக்கும் காலம். இவ்விரண்டையும் ஒரே வகையில் அடக்கும் அமைப்பில் அக்காலத்தைக் கணக்கிடவே வழியில்லை. தனித்தனி வகைகளாக்கி, முன்னறிவிப்பில் ‘திறக்கவிருக்கும் நேரம்’ என்னும் புலத்தைக் கட்டாயமாக்கினால், நேரம் குறிக்காத முன்னறிவிப்பை அமைப்பு ஏற்காது.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே நிகழ்வு வெவ்வேறு சந்தாதாரருக்கு வெவ்வேறு பொருள் தரும். பெரியாற்று அணையின் நீர்மட்டம் உயர்தல், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்து உழவருக்கு முதற்போக நடவுக்கான நற்செய்தி. அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் வாழ்வோருக்கு அதுவே அச்சம். ஆகவே அளவைச் செய்தியிலேயே ‘அபாயம்’ என்னும் முடிவைக் கலப்பது பொருந்தாது. நடந்ததை நடந்தபடி வெளியிட்டு, அதிலிருந்து முடிவு காண்பதை உரிய சந்தாதாரரிடம் விடுவதே இம்முறையின் இயல்புக்கு ஏற்றது.

பொது எச்சரிக்கை நெறிமுறை: ஒரு முன்மாதிரி

வகையுறு நிகழ்வுக்குப் பேரிடர்த் துறையில் தேர்ந்த சான்று, ஓயாசிஸ் அமைப்பு 2004இல் ஏற்ற பொது எச்சரிக்கை நெறிமுறையாகும். அதன் 1.2ஆம் பதிப்பு 2010இல் வெளிவந்தது. இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ தளம் இந்நெறிமுறையைப் பின்பற்றுகிறது.

இந்நெறிமுறை செய்தியின் நிலையை உண்மை, ஒத்திகை, அமைப்புச் செய்தி, சோதனை, வரைவு என ஐந்தாகப் பிரிக்கிறது. செய்தியின் வகையை எச்சரிக்கை, இற்றைப்படுத்தல், நீக்கம், பெற்றமை அறிவித்தல், பிழை எனப் பகுக்கிறது. அவசரம், கடுமை, உறுதிப்பாடு ஆகிய மூன்றையும் தனித்தனிப் புலங்களாக்குகிறது. ஒரே எச்சரிக்கையைப் பல மொழிகளில் தரவும், காலாவதி நேரம் குறிக்கவும் இடமளிக்கிறது.

2023இல் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை கைப்பேசிகளுக்குச் சோதனை எச்சரிக்கைகளை உரத்த ஒலியுடன் அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். அது சோதனை என்பதை மக்கள் செய்தியின் வாசகத்தைப் படித்தே அறிய வேண்டியிருந்தது. நிரலோ வாசகத்தைப் படித்து அறிய வேண்டியதில்லை. நிலை என்னும் புலமே அதற்குப் போதும். பள்ளியொன்றின் மணியை ஒலிக்கச் செய்யும் நிரலும், பேருந்தை நிறுத்தச் சொல்லும் நிரலும் சோதனையையும் உண்மையையும் பிரித்தறியும் பொறுப்பு வாசகத்தின் சொற்களில் அமையாமல் வகையில் அமைவதன் தேவை இங்குப் புலனாகிறது.

நீக்கம் என்னும் வகையும் கருதத்தக்கது. எச்சரிக்கை விடுப்பதை நினைக்கும் வடிவமைப்பாளர் பலர் அதனைத் திரும்பப் பெறுவதை மறப்பர். டைப்ஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் நிகழ்வுகளைக் குறிச்சொல்லால் வேறுபடும் கூட்டு வகையாக வரையறுத்து, எல்லா வகைகளும் கையாளப்பட்டனவா எனச் சரிபார்க்கும்படி நிரலை எழுதலாம். அவ்வாறு எழுதியபின் ‘நீக்கம்’ என்னும் புதிய வகையைச் சேர்த்தால், அதனைக் கையாளாத இடங்களை நிரல்பெயர்ப்பி சுட்டிக்காட்டும். சரவழி முறையில் இம்மறதியை வெள்ளம் வடிந்தபின்னும் ஒலிக்கும் சங்கே சுட்டும்.

வகைமையின் வரம்புகள்

வகைவழி முறையை உயர்த்திப் பேசும் நூல்கள் அதன் வரம்புகளைப் போதிய அளவு பேசுவதில்லை. அவற்றுள் நான்கு இன்றியமையாதன.

முதலாவது, வகைக் காப்பு நிரலின் எல்லையோடு முடிகிறது. டைப்ஸ்கிரிப்டின் வகைகள் ஜாவாஸ்கிரிப்டாகப் பெயர்க்கப்படும்போது நீங்கிவிடுகின்றன. வலைப்பின்னல் வழியே வருவது எம்மொழியிலும் பைட்டுகளே. எனவே செய்தி உள்ளே நுழையும் இடத்தில் அதனை வடிவ வரையறையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் கட்டாயம். அச்சரிபார்ப்பு இல்லாத நிரலில் வகை என்பது எழுதியவரின் நம்பிக்கை மட்டுமே.

இரண்டாவது, வகை சென்று சேர்வதை உறுதி செய்வதில்லை. எம்க்யூடிடி நெறிமுறை அதிகம் ஒருமுறை, குறைந்தது ஒருமுறை, சரியாக ஒருமுறை என மூன்று சேர்ப்பு நிலைகளைத் தருகிறது. ‘குறைந்தது ஒருமுறை’ நிலையில் மூன்றாம் கட்ட எச்சரிக்கை இருமுறை வரலாம். வழியில் தாமதம் நேரின், மூன்றாம் கட்டத்துக்குப் பின் இரண்டாம் கட்டம் வந்து சேரவும் கூடும். ஆகவே தனி அடையாள எண்ணும் நிகழ்ந்த நேரமும் வகையின் கட்டாயப் புலங்களாதல் வேண்டும். அவை இருந்தால் சந்தாதாரர் இரட்டித்ததை நீக்கலாம், பழையதை ஒதுக்கலாம்.

மூன்றாவது, கடைசிச் செய்தியைச் சேமித்துவைத்துப் புதிதாக இணைபவருக்குத் தரும் வசதி பயனுடையது. ஆனால் ஐப்பசியில் விடுத்த எச்சரிக்கையைத் தையில் இணைந்தவருக்கும் அது தந்துவிடும். காலாவதிப் புலம் இல்லாத எச்சரிக்கை வகை, வடிவில் சரியானதாயினும் பொருளில் குறையுடையது.

நான்காவது, வகை மாறும். மூன்று கட்டங்கள் நாளை நான்காகலாம். எல்லாத் துறைகளும் தம் நிரலை ஒரே நாளில் மாற்றப்போவதில்லை. விருப்பப் புலத்தைச் சேர்ப்பது பழைய சந்தாதாரரைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. இருக்கும் புலத்தின் பொருளை மாற்றுவதோ, வடிவம் மாறாததால் யாருக்கும் தெரியாமலேயே பிழை விளைவிக்கும். இரண்டாம் கட்டம் என்பதற்குரிய உயரத்தை மாற்றி, எண்ணை மட்டும் அப்படியே வைப்பது இத்தகையது. இங்கு நிரல்பெயர்ப்பி உதவாது. துறைகளுக்கிடையே எழுதப்பட்ட உடன்பாடே உதவும்.

பறை ஒப்புமையும் அதன் எல்லையும்

தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையைக் குறிப்பிடுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனத் திணைதோறும் பறை வேறுபடுவதைப் பிற்கால மரபு விரித்துரைக்கிறது. சொல் செவியில் விழுமுன்பே ஒலியின் இயல்பு நிகழ்வின் வகையை உணர்த்தியது என்னும் அளவில் இம்மரபு இவ்வாய்வுக்குத் துணைசெய்கிறது.

இதனைக் கொண்டு பழந்தமிழர் வகையுறு வெளியீடு–சந்தா முறையை அறிந்திருந்தனர் எனக் கூறுவது பொருந்தாது. பறையைக் கேட்போர் சந்தா செலுத்தியவர் அல்லர். செவிக்கு எட்டிய அனைவரும் கேட்டனர். அது பரப்புதல் முறையாகும். அன்றியும், அறிவிக்கும் அத்தொழில் சில சமூகத்தார்மீது சுமத்தப்பட்டதாக இருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தண்டோரா முறையைக் கைவிட்டு ஒலிபெருக்கி பொருத்திய ஊர்திகளைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியதன் பின்னணியும் இதுவே. ஒலியால் வகை உணர்த்தும் கருத்தைப் போற்றும்போது, அதனைச் சுமந்தவரின் நிலையையும் ஆய்வாளர் மறத்தலாகாது.

முடிவுரை

வெளியீடு–சந்தா முறையின் வலிமை, அனுப்புநரும் பெறுநரும் ஒருவரையொருவர் அறியாமையில் உள்ளது. அதன் மெலிவும் அதுவே. நேரில் பேசுவோர் ஐயம் நேர்ந்தால் திரும்பக் கேட்டுத் தெளிவர். இம்முறையில் திரும்பக் கேட்க வழியில்லை. கேட்க இயலாத இடத்தில் பொருளைக் காக்கும் பொறுப்பு முழுவதும் வகையின்மேல் விழுகிறது.

எனவே வகை வரையறை நிரலாளரின் வசதிக்கான ஒன்றாக மட்டும் கருதப்படலாகாது. எந்த அணை, எதிலிருந்து அளந்த உயரம், நடந்ததா நடக்கவிருப்பதா, உண்மையா சோதனையா, எதுவரை செல்லும் என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை தராத எச்சரிக்கை வகை முழுமையற்றது. இவ்வினாக்களில் ஒன்றுகூடக் கணினியிலிருந்து பிறந்ததன்று. இவை ஆற்றங்கரையில் நிற்பவர் கேட்கும் வினாக்கள். ஆகையால் வகைகளை வரையறுக்கும் குழுவில் நிரலாளரோடு அணைப் பொறியாளரும், வருவாய்த் துறையினரும், கரையோர மக்களும், மொழியறிந்தாரும் இடம்பெறுதல் வேண்டும். வகையை வரையறுக்கும் பணியில் வினையின் காலத்தையும் பெயரின் வடிவத்தையும் ஆராய்ந்த தமிழிலக்கண அறிவுக்கு உரிய இடம் உண்டு என்பதனை இவ்வாய்வு வலியுறுத்துகிறது.